ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும்

ஜனவரி 19, ஞாயிறு

தினமும் பிரஷர் பார்த்து எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். அதற்காக வாங்கியதுதான் இந்த டைரி. பிரஷர் பார்க்கும் மெஷினில் பேட்டரி தீர்ந்து, பொங்கலோடு அந்தக் கதை முடிந்தது. இவ்வளவு நல்ல தாளை வீணாக்குவானேன் என்று மற்ற விஷயங்களை எழுதுகிறேன்.

இன்று எழுத விஷயம் இருக்கிறது. வசுமதி போன் செய்தாள். பிப்ரவரி ஒன்றாம் தேதி, சனிக்கிழமை, பெங்களூரிலிருந்து பகல் ரயிலில் சேலம் வருகிறாளாம். மகள் சுடருக்குப் பிரசவம் பார்க்கப் போனவள். இரண்டு மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இப்போது அந்தக் குழந்தை நடக்கிறான், வீடியோவில் பார்த்தேன். பேரன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் மாதக்கணக்கு மறந்துதான் போகும்.

எதற்கு வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. சொந்த வீட்டுக்கு வருகிறவளிடம் மனைவி என்றும் பாராமல் அப்படி யாராவது கேட்பார்களா?

ஸ்டேஷனுக்குக் கார் கொண்டு போக வேண்டும். வசுவுக்கு மலைப்பாதையில் பஸ் ஒத்துக்கொள்ளாது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொள்வாள். பிரச்சினை என்னவென்றால் நம் பழைய மாருதி மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் நின்று, முன் சக்கரத்து பிரேக் இரண்டும் இறுகிக் கிடக்கின்றன. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க இருபது கொண்டை ஊசி. பிரேக் இல்லாமல் இறங்கினால் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதே இல்லை, நேராக மேலேயே போய்விடலாம்.

நாளை சேலம் போய்ச் சாமான் வாங்கி வர வேண்டும். மெக்கானிக்கிடம் விடும் உத்தேசம் இல்லை. தொலைபேசி நிலையத்தில் வாழ்நாள் முழுக்கக் கேபிளோடு மல்லுக்கட்டிவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவன் நான். இந்த வீட்டில் மிக்ஸி முதல் தண்ணீர் மோட்டார் வரை வெளியாள் கை பட்டதில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

காலையிலேயே ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, கட்டைகள் கொடுத்து நிறுத்தினேன். பனிமூட்டம் முழங்கால் உயரத்துக்கு நின்றது. பழைய கேலிப்பர்களைக் கழற்றவே மதியம் ஆகிவிட்டது. கேலிப்பர் என்பது சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் கிடுக்கி. பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் குழாய் வழியாகப் போய் அதை அழுத்தும், அது சக்கரத்தின் தட்டைக் கவ்வும். பழையது இரண்டும் துருவில் ஒட்டிப்போய், சுத்தியால் தட்டினால்கூட அசையவில்லை.

புதியதைக் கார் முன்னால் சாக்கு விரித்து அதன்மேல் பரப்பினேன். எனக்கு வேலையில் ஒழுங்கு வேண்டும். இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று என்று சாக்பீஸால் அடையாளம் போட்டு வைத்துக்கொண்டேன். புது பேட், புது ரப்பர் குழாய். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. ஒரு போல்ட்கூட முரண்டு பண்ணவில்லை. எனக்கே என் தோளைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது, தட்ட வேறு ஆளும் இல்லை.

ஆயில் ஊற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்தேன். அது பாட்டுக்குத் தரைவரை போனது. ஊறவைத்த அவலை மிதித்த மாதிரி இருந்தது.

ஜனவரி 22, புதன்

பயப்பட ஒன்றுமில்லை. குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆயிலை அழுத்தினால் அழுத்தம் அப்படியே அடுத்த முனைக்குப் போகும். காற்றை அழுத்தினால் அது தானே சுருங்கிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருந்துவிடும். ஆகவே காற்றை வெளியேற்ற வேண்டும். ஏர் எடுப்பது என்பார்கள்.

முறை எளிது. ஒரு ஆள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு ஆள் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து, கேலிப்பரில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகை ஸ்பேனரால் லேசாகத் திறக்க வேண்டும். ஆயிலோடு காற்று குமிழாக வரும். உடனே மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். முந்தி விட்டால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். குமிழ் நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

இத்தனை வருடமும் பெடலை மிதிப்பது வசு. "அமுக்கு" என்பேன், "அமுக்கிட்டேன்" என்பாள். "பிடி" என்றால் "பிடிச்சிருக்கேன்" என்பாள். "விடு" என்று நான் சொல்லும்வரை கால் இம்மியும் நகராது. அடுப்பில் சாம்பாரை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் அவசரப்பட மாட்டாள். எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. எத்தனை வீட்டில் இப்படிச் சொல்ல முடியும்?

இன்று ஒரு மூங்கில் கழியை அளவாக அறுத்து, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்தேன். பெடலை அமுக்கிக் கழியை மாட்டிவிட்டு, ஓடிப்போய்ப் படுத்து, நிப்பிளைத் திறந்து, மூடி, திரும்ப ஓடிவந்து கழியை எடுத்து. கழி "பிடிச்சிருக்கேன்" என்று சொல்லவில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

ஜனவரி 23, வியாழன்

இன்னும் தொளதொளவென்றுதான் இருக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

பின் சக்கரத்து பிரேக்கை இறுக்கிப் பார்த்தேன். குழாய்களைத் துணியால் துடைத்துவிட்டு எங்கேயாவது கசிகிறதா என்று காத்திருந்து பார்த்தேன். எங்கும் ஈரம் இல்லை. திரும்பவும் நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தேன். குமிழ் வருகிறது, நிற்கிறது. எல்லாம் போய்விட்டது என்று நினைத்து மிதித்தால் பெடல் பாதி தூரம் போய்த்தான் பிடிக்கிறது. அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை மிதித்தால் கொஞ்சம் கெட்டியாகிறது. விட்டுவிட்டு மிதித்தால் பழையபடி.

காருக்கு அடியில் இருக்கும்போது பக்கத்து வீட்டு ரோஸ்லின் வந்தாள். மாடியை வாடகைக்கு விட்டு, வருகிற டூரிஸ்டுகளுக்குச் சமைத்துப் போடுகிறவள். வாய் ஓயாது, ஆனால் நல்ல பெண்.

"அண்ணா, அக்கா அட்டைப்பெட்டி கேட்டிருந்தாங்க. புது பிரிட்ஜ் வந்த பெட்டி ஒண்ணு, கடையில சொல்லி இன்னும் நாலு வாங்கி வெச்சிருக்கேன். எங்க வைக்கட்டும்?"

"அக்கா எப்பக் கேட்டா?"

"போன்லதான். வாராவாரம் பேசுவாங்களே." சொல்லிவிட்டு ஏனோ நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கூடத்தில் வைக்கச் சொன்னேன். கம்பளி, ரஜாய் எல்லாம் ஒழுங்கில்லாமல் கிடக்கிறது என்று வசு எப்போதும் புலம்புவாள். வந்ததும் எடுத்துக் கட்டி வைக்கப் போகிறாள் போலிருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றத்துக்குப் பழைய ஆபீஸ் பக்கம் போனேன். கூட வேலை பார்த்த பெரியதம்பி கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன கிருபாகரன், வீட்ல வந்தாச்சா?" என்றான். "வந்தாச்சு" என்றேன். இன்னும் ஆறு நாளில் வரப்போகிறவளைப் பற்றி அப்படிச் சொன்னால் ஒன்றும் பெரிய பொய் இல்லை. மிட்டாய் இரண்டு கொடுத்தான், வீட்டில் கொடுக்கச் சொல்லி. இரண்டையும் வழியிலேயே தின்றுவிட்டேன்.

மதியம் வசுவின் புடவைகளை எடுத்து வெயிலில் போட்டேன். பீரோவில் பூஞ்சை வாடை அடிக்கிறது. வெயிலும் பேருக்குத்தான் அடித்தது.

ஜனவரி 27, திங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

பெடல் ஓரளவு பிடிக்கிறதே, சமதரையில் ஓட்டிப் பார்ப்போம் என்று ஏரி ரோட்டுக்குக் காரை எடுத்துப் போனேன். மெதுவாகத்தான் போனேன். படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் ரோட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. மிதித்தேன். பெடல் போய்க்கொண்டே இருந்தது. திரும்ப மிதித்தேன். கை தானாகவே ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. வண்டி உதறிக்கொண்டு நின்றபோது, இடுப்பில் குழந்தையோடு நின்ற பொம்பளைக்கும் காருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடமில்லை.

"யோவ், கண்ணு பொட்டையா உனக்கு? புள்ள மேல ஏத்தப் பாத்தியே!" என்று கத்தினாள். அவள் கத்தியதில் தப்பே இல்லை. முதல் கியரிலேயே ஊர்ந்து வீடு வந்தேன். கொட்டகைக் கதவைப் பூட்டச் சாவி துவாரத்தில் நுழையவில்லை. குளிர்தான் காரணம்.

ஜனவரி 28, செவ்வாய்

வசுவுக்கு நானே போன் செய்தேன். கார் ரெடியாகிக்கொண்டிருக்கிறது, ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன் என்று சொன்னேன்.

"எதுக்கு அலையறீங்க? நான் பஸ்ல வந்துக்கறேன்" என்றாள்.

"உனக்கு பஸ் ஆகாதே."

"அதெல்லாம் பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை சாயங்கால வண்டிக்குத் திரும்பணும், அதுக்கு மட்டும் ஏதாவது ஏற்பாடு..."

அதற்குமேல் லைன் சரியில்லை. இங்கே டவர் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னாளா, வேறு ஏதாவது சொன்னாளா என்பது தெளிவாகக் கேட்கவில்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்தான். காருக்கு அடியில் வேலை கிடந்தது.

ஜனவரி 30, வியாழன்

கழியை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று வெட்கத்தை விட்டு ரோஸ்லினைக் கூப்பிட்டேன்.

"நான் கார்ல உக்காந்து ஒண்ணும் பண்ணினதில்லையே அண்ணா, வண்டி ஓடிருச்சுன்னா?"

"சக்கரமே இல்லாத வண்டி எங்கம்மா ஓடும்? சொல்றப்ப மிதி, சொல்றப்ப விடு, அவ்வளவுதான்."

மிதித்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் நான் மூடுவதற்கு முன்னாலேயே காலை எடுத்துவிட்டாள். "மூட்டு வலிக்குதுண்ணா." பொறுமையாக இருந்தேன், அப்படித்தான் நினைக்கிறேன். முன்பக்கம் வந்தபோது, "ரோஸ்லின், ஜன்னல் வழியா எட்டிப் பாரு, இடது பக்கச் சக்கரத்துக்கிட்ட ஆயில் சொட்டுதா?" என்றேன்.

அவள் தலையை வெளியே நீட்டி, "எந்த இடது அண்ணா? உங்களுக்கு இடதா, எனக்கு இடதா?" என்றாள்.

நான் காருக்கு முன்னால் அவளைப் பார்த்து நின்றிருந்தேன். எனக்கு இடது அவளுக்கு வலது. அப்படியே சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சாக்பீஸால் அடையாளம் போட்ட அன்றைக்கும் இப்படித்தான் காருக்கு எதிரே நின்றுகொண்டு, என் இடது கைப் பக்கத்தை இடது என்று எழுதி வைத்திருக்கிறேன். காருக்கு இடது வலது என்பது ஓட்டுகிறவன் உட்கார்ந்து பார்க்கிற கணக்கு. சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். இரண்டு கேலிப்பரும் பக்கம் மாறி ஏறியிருக்கின்றன. மாறினாலும் பொருந்தும், பிடிக்கவும் செய்யும். ஆனால் மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலேதானே நிற்கும்? நான் அடியில் இருந்த நல்ல ஆயிலைத் தினமும் எடுத்துக் கீழே ஊற்றிக்கொண்டு, காற்றை உள்ளேயே பத்திரமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்னண்ணா ஆச்சு? நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டேனா?"

"நீ இல்லம்மா."

முன்பெல்லாம் வசு உள்ளே உட்கார்ந்திருப்பாள், "என் பக்கம்", "அந்தப் பக்கம்" என்று அவளே சொல்லிவிடுவாள். அதனால் எனக்கு இது ஒரு நாளும் குழம்பியதில்லை. நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று யோசிக்கவே தேவைப்பட்டதில்லை.

ஜனவரி 31, வெள்ளி

கேலிப்பர்களைப் பக்கம் மாற்றிப் பூட்டினேன். நிப்பிள் இரண்டும் இப்போது மேலே பார்க்கின்றன. இனி ஏர் எடுத்தால் சரியாகிவிடும். எடுக்க ஆயில் இல்லை, வாங்கியதெல்லாம் தரையில் ஊற்றியாகிவிட்டது. இங்கே கடையில் கேட்டால் வரும் வாரம் என்கிறான். ரோஸ்லின் வீட்டு மாடியிலும் டூரிஸ்ட் நிரம்பிவிட்டார்கள், இனி அவளையும் பெடல் மிதிக்கக் கூப்பிட முடியாது.

ஆக, நாளை பஸ்ஸில்தான் போக வேண்டும். ஸ்டேஷனில் வசுவைப் பார்த்துவிட்டு, வரும் வழியில் ஆயில் வாங்கிக்கொள்ளலாம்.

படுக்கைக்குப் புது விரிப்பு போட்டேன். சமையலறை மேடையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கண்ணாடியில் பார்த்து மீசையை ஒதுக்கினேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி என்ன இதெல்லாம் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

பிப்ரவரி 1, சனி

ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. வசு கையில் ஒரு சின்னப் பை மட்டும் இருந்தது. அதை நான் வாங்கிக்கொண்டேன். தலைமுடியைக் கொஞ்சம் குட்டையாக வெட்டியிருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தாள். நான் பிரேக் ஆயிலோடு எலுமிச்சம்பழமும் வாங்கி வைத்திருந்தேன். "மாத்திரை போட்டுக்கிட்டேங்க. இப்பல்லாம் ஒண்ணும் பண்றதில்ல" என்றாள். மேலே வரும்வரை டிரைவரின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். எலுமிச்சம்பழம் என் சட்டைப்பையில் முட்டிக்கொண்டிருந்தது.

சாப்பிடும்போது சொன்னாள். அவள் பாட்டுக்கு, கத்திரிக்காய் என்ன விலை என்று சொல்கிற குரலில் சொன்னாள். சுடர் இருக்கும் அடுக்குமாடியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறதாம், அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். பக்கத்துத் தெருவில் ஒரு அறை எடுத்திருக்கிறாள். தையல் மெஷினையும் அவள் சாமான்களையும் எடுத்துப் போக வந்திருக்கிறாள்.

"சுடர் வீட்ல இல்லையா?"

"இல்லீங்க. தனி ரூம்."

"தனியாவா இருக்கப் போற?"

ரசத்தை ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "இங்க மட்டும் யாரோட இருந்தேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். நான் மோரை எடுத்து ஊற்றிக்கொண்டேன். மோரில் உப்பு இல்லை.

பிறகு அவளே கேட்டாள், "கார் ரெடியா? டாக்சிக்கு ரோஸ்லின் சொல்லிப் பாத்தாளாம், சனி ஞாயிறு கூட்டத்துல ஒண்ணும் கிடைக்கலையாம். மெஷினை பஸ்ல ஏத்த விடமாட்டான்."

"ஏர் எடுக்கணும். அது ஒண்ணுதான் பாக்கி."

"காலைல எடுத்துரலாம்" என்றாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலைக் காபிக்குப் பிறகு வசு புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். நான் இடது பின் சக்கரத்துக்கு அடியில் போனேன்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

திறந்தேன், காற்று குமிழ் குமிழாக வந்தது, மூடினேன். "விடு." விட்டாள். இத்தனை நாள் கழியோடும் ரோஸ்லினோடும் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. பின் சக்கரம் இரண்டும் முடிந்தன. முன் சக்கரம் ஒன்று முடிந்தது. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

கடைசிச் சக்கரத்தில் பாதி காற்று வந்திருக்கும்போது, வசு உள்ளிருந்தபடியே பேசினாள். நான் அடியில் கிடந்ததால் என் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகமும் எனக்குத் தெரியாது.

"ஏங்க, ஒண்ணு சொல்லட்டுமா? கல்யாணம் ஆனதுல இருந்து நீங்க என்கிட்ட பேசினதுல முக்காவாசி இந்த மூணு வார்த்தைதான். அமுக்கு, பிடி, விடு. ஆனா இதைச் சொல்றப்ப மட்டும்தான் என் பதிலுக்குக் காத்திருப்பீங்க. அதனாலதான் கூப்பிட்ட உடனே ஓடி வந்து உக்காந்துக்குவேன்."

என் கையில் ஸ்பேனர் இருந்தது. நிப்பிளை அப்படியே இறுக்கிவிட்டு, போதும் என்று எழுந்துவிடலாம். உள்ளே காற்று இருக்கும். பெடல் தொளதொளவென்று இருக்கும். இந்தக் காரில் மலை இறங்க முடியாது என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. மாலை ரயில் போய்விடும். ஒரு நாள் இருப்பாள், இரண்டு நாள்கூட இருப்பாள். அப்படிச் செய்ய ஆசையாக இருந்தது. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை.

"என்ன, சத்தத்தையே காணோம்? இன்னும் காத்து இருக்குங்க. கால்ல தெரியுது" என்றாள்.

அவள் காலை ஏமாற்ற முடியாது.

"வசு."

"ம்."

"அங்க நல்லா இருக்கியா?"

ரோஸ்லின் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"நல்லா இருக்கேங்க" என்றாள். பிறகு, "இதை நீங்க ஒரு நாள் போன்ல கேட்டிருக்கலாம்" என்றாள். குரல் உடைந்திருந்தது. நான் எழுந்து போய் அந்த ஜன்னல் பக்கம் நின்றிருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. கண்ணில் ஆயில் பட்டுவிட்டது என்று எழுதப் போனேன், எழுதி என்ன ஆகப்போகிறது, அழுதேன்.

"அமுக்கு" என்றேன்.

"அமுக்கிட்டேன்."

கடைசிக் காற்று கொப்பளித்துக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு வெறும் ஆயில். பெடல் கல் மாதிரி நின்றது.

சக்கரங்களை மாட்டி, ஏரி ரோட்டை இரண்டு முறை சுற்றிப் பார்த்தேன். தொட்டால் நிற்கிறது. பின் சீட்டை மடக்கித் தையல் மெஷினையும் பெட்டிகளையும் ஏற்றினோம். ரோஸ்லின் வந்து வசுவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

வசு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். இன்னும் ஏர் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறாளோ என்று, "முடிஞ்சுது வசு, இந்தப் பக்கம் வா" என்றேன்.

"நானே ஓட்டறேன், நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க. லைசென்ஸ் எடுத்துட்டேன். டேகேர் வேன் நான்தான் ஓட்டறேன்."

"இது மலை ரோடு வசு."

"முப்பது வருஷம் பக்கத்து சீட்ல இருந்து பாத்த ரோடு."

இத்தனை வருடத்தில் எத்தனையோ நாள் அந்த சீட்டில் உட்கார வைத்திருக்கிறேன். ஓட்டக் கற்றுக்கொள்கிறாயா என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. நான் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் ஏறினேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நிதானமாகத்தான் ஓட்டினாள். இரண்டாவது கியரிலேயே இறக்கினாள், ஏறும் வண்டிக்கு ஒதுங்கி வழி விட்டாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பெடல் இல்லை என்று தெரியும். தெரிந்தும் மிதித்தேன். பாதி மலை இறங்கியிருப்போம், வசு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"காலை எடுங்க. பிரேக் என்கிட்ட இருக்கு."

எடுத்துக்கொண்டேன். மடித்து வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கீழே வரும்வரை நான் வெறுமனே உட்கார்ந்து வந்தேன்.

மெஷினையும் பெட்டிகளையும் பார்சலில் போட்டுவிட்டு ரயில் ஏறினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒரு தடவை அங்க வரட்டுமா?" என்று கேட்டேன். யோசித்தாள். பட்டென்று வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை.

"வர்றதுன்னா முன்னாடியே போன் பண்ணிட்டு வாங்க" என்றாள்.

விருந்தாளிக்குச் சொல்வது மாதிரி. ரயில் போன பிறகும் அங்கேயே நின்றேன். வசு இனி இந்த வீட்டுக்கு வரமாட்டாள். முதல் நாளே தெரிந்த விஷயம்தான், இன்றைக்கு எழுதிவிட்டேன்.

காரில் வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபோது முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. வசு தன் உயரத்துக்கு சீட்டை முன்னால் இழுத்து வைத்திருந்தாள். பின்னால் தள்ளும் கம்பி கைக்குக் கீழேதான் இருந்தது. கையை அதன்மேல் வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். கால் மடங்கி, முதுகு வளைந்து, அப்படியே மலை ஏறி வீடு வந்து சேர்ந்தேன்.